கடைசி ரீலில் அழுகை இல்லை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் பள்ளிக்கூடத்து மாடிப்படியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாயா? உன் மகள் வேலைக்குப் போன ஊரிலிருந்து ஒழுங்காக எழுதுகிறாளா?

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "அவ வேலையா இருக்கா" என்றார். புதன்கிழமையும் அதையே சொன்னார். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு வீட்டில் அப்படி என்ன ஓயாத வேலை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

செய்தி இதுதான். எனக்கு ஒரு முழு நீளப் படம் கிடைத்திருக்கிறது. இத்தனை வருஷம் பற்பசைக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் இசை போட்டுக்கொண்டிருந்தவனை ஒரு இயக்குநர் தேடி வந்திருக்கிறார். வயது முப்பதுகூட இருக்காது. என்னை "சார்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது.

கதை சின்னது. கணவன், மனைவி, அடுக்குமாடியில் ஒரு வீடு. பெரிய சண்டை எதுவும் இல்லை. கடைசி ரீலில் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். படியிறங்கி, தெருவில் நடந்து, பஸ் ஏறுகிறாள். அதோடு படம் முடிகிறது. அந்த ரீலில் ஒரு வசனம்கூடக் கிடையாது. எல்லாம் என் தலையில்தான்.

நான் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியாதே. முதலில் படத்தைச் சத்தமில்லாமல் பார்ப்பேன். திரையில் இருப்பவர் மூச்சுவிடும் வேகத்தில் நானும் மூச்சு விட்டுப் பார்ப்பேன். எடிட்டர் பயந்துபோய் "ஆஸ்துமாவா சார்?" என்று கேட்டார். அந்த மூச்சு பிடிபட்ட பிறகுதான் மெட்டைத் தேடுவேன். முகம் ஏற்கெனவே சொல்வதை இசை திரும்பச் சொல்லக் கூடாது. இது என் சட்டம்.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள தம்பி

*

பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்காலும் சுகம்தான். கழற்றி வைக்கும் வசதி மட்டும் அதில் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? படம் கிடைத்துவிட்டது என்று டீயையே சாப்பாடாக்கிவிடாதே.

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தம்பி சினிமாவுக்கு இசை போடுகிறான் என்றதும் கணக்கு டீச்சர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

இனிமேல் போன் செய்யாதே. போன் கூடத்தில் இருக்கிறது. அங்கே பேசினால் அத்தானுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. ரேடியோவும் அதனால்தான் பரணுக்குப் போய்விட்டது. கடிதமும் பள்ளிக்கூட முகவரிக்கே எழுது. வீட்டுத் தபால் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது.

உன் படத்தைப் பற்றி ஒரு சந்தேகம். அவள் எடுத்துப் போகும் பையில் என்ன இருக்கிறது? இயக்குநரைக் கேட்டாயா? அது தெரியாமல் அவள் எந்த வேகத்தில் நடப்பாள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போகிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. ஆனால் இது சந்தோஷத்தால் வந்த தூக்கமின்மை. மருந்து வேண்டாம்.

நீ கேட்டதை இயக்குநரிடம் கேட்டேன். "பழைய பேப்பர் திணிச்சிருக்கோம் சார், பை தொப்பையா தெரியணும்ல" என்றார். ஆக, பையில் எதுவும் இல்லை. நீ கவலைப்பட வேண்டாம்.

கடைசி ரீலுக்கு மெட்டு வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சோப்பு நுரையோடு ஓடிவந்து எழுதி வைத்தேன். அவள் கதவைச் சாத்துகிற இடத்தில் ஒற்றை வயலின் தொடங்கும். படியிறங்க இறங்க மற்ற வயலின்கள் ஒவ்வொன்றாகச் சேரும். தெருவுக்கு வரும்போது எல்லாம் சேர்ந்து ஒரு பெருமூச்சு மாதிரி எழும்பி, அவள் பஸ் ஏறும்போது உடைந்து இறங்கும். பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே அக்கா, நான் இதுவரை செய்ததிலேயே அழகான மெட்டு இதுதான்.

நேற்று ஒலிப்பதிவு. தயாரிப்பாளர் வந்திருந்தார். ஆள் மலை மாதிரி இருப்பார். திரையில் படம் ஓட, நாங்கள் வாசித்தோம். முடிந்ததும் திரும்பிப் பார்த்தால் அந்த மலை அழுதுகொண்டிருக்கிறது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி, "தம்பி, எங்கம்மா செத்தப்பகூட நான் இப்படி அழலை" என்றார். அங்கேயே என் கையைப் பிடித்து, அடுத்த இரண்டு படங்களும் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

நீ என்ன சொல்கிறாய்? உன்னிடம் ஒரு பாராட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம்.

பூரிப்போடு
தம்பி

*

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தூக்கம் திரும்பியதா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் அலைச்சல். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதுகிற மேஜைக்கு ஒரு கால் ஆடுகிறது.

மெட்டு அழகாகத்தான் இருக்கும். நீ அழகில்லாமல் எதையும் செய்தவன் இல்லை. ஆனால் அது தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கோபப்படாமல் படி.

அவள் ஏன் அழ வேண்டும்? அழுகிற காலமெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்கும். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதிருப்பாள். புறப்படுகிற அன்றைக்கு அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது. கேஸை மூடினோமா என்று ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பால் பொங்கி வழிந்திருந்தால் அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் போவாள். படியில் இறங்கும்போது மேல்வீட்டுக்காரி எதிரில் வந்து "கடைக்கா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பாள். தெருவுக்கு வந்ததும் அவளுக்குப் பசிக்கும். நிஜமாகவே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக்குப் பசிக்கிற மாதிரிப் பசிக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, ஏதோ முணுமுணுக்கிற சத்தம் கேட்டு யார் என்று திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். அவளேதான். என்ன பாட்டு என்று அவளுக்கே தெரியாது.

பையில் பழைய பேப்பரும் இருக்காது. நாளைக் காலைக்கு என்ன வேண்டுமோ அதுதான் இருக்கும். பல் தேய்க்கிற பிரஷ், மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுப் புடவை.

முகம் சொல்வதை இசை திரும்பச் சொல்லக் கூடாது என்று நீதான் எழுதினாய். முகம் சொல்லாததையும் இசை இட்டுக்கட்டிச் சொல்லக் கூடாது, இல்லையா?

சாப்பிடு. தூங்கு.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

கோபப்படாதே என்று எழுதியிருந்தாய். பட்டுவிட்டேன். ஒலிப்பதிவு முடிந்து, எல்லோரும் கைதட்டி, தயாரிப்பாளர் அழுது, எல்லாம் ஆன பிறகு வந்து தப்பு என்கிறாய். நான் உன் ஆய்வகத்துக்கு வந்து எந்த அமிலத்தை எதில் ஊற்ற வேண்டும் என்று சொல்கிறேனா?

காலமெல்லாம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போகிறவளுக்குப் பசிக்குமாம். பாட்டு வருமாம். அத்தான் நிழலில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, வீட்டைவிட்டுப் போகிறவளின் மனசு உனக்கு எப்படித் தெரியும்? சினிமாவில் வருகிற பெண்ணைப் பற்றித்தானே என்று வாய்க்கு வந்ததை எழுதலாம் என்று நினைத்தாயா?

மன்னித்துக்கொள், வேகத்தில் எழுதுகிறேன். ஆனாலும் அடித்துவிட்டு வேறு தாளில் எழுதப் போவதில்லை. இசையில் எனக்கு இருக்கிற பிடிவாதம் உனக்குத் தெரிந்ததுதான்.

தம்பி

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா? இப்போது விடுமுறை, பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் என்பதால் இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். தபால் பெட்டியில் தண்ணீர் இறங்கினாலும் எழுத்து தெரியும்படி அழுத்தி எழுதியிருக்கிறேன்.

நீ சொன்னதுதான் சரி.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே எடிட்டர் அறைக்குப் போனேன். நீ தப்பு என்று நிரூபிக்கத்தான் போனேன். கடைசி ரீலைச் சத்தமில்லாமல் ஓட்டச் சொன்னேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்கா, அந்த நடிகை அழவில்லை. ஒரு இடத்திலும் அழவில்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவள் கண் சமையலறைப் பக்கம் ஒரு முறை போய் வருகிறது. இத்தனை நாள் அதை ஏக்கம் என்று நினைத்திருந்தேன். கேஸைத்தான் பார்க்கிறாள். தெருவில் அவள் நடை எனக்குக் கனத்த நடையாகத் தெரிந்ததற்குக் காரணம் என் வயலின்கள். அவற்றை எடுத்துவிட்டால் அவள் நன்றாக, வேகமாக நடக்கிறாள்.

அழகான மெட்டைத் தூக்கிப் போட்டேன். பல்லைப் பிடுங்கினது மாதிரி இருந்தது.

இப்போது செய்திருப்பது இது. முந்தின ரீல்களில் அந்த வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளுக்கெல்லாம் வயலின்கள் தணிந்த ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மெட்டு கிடையாது. ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மாதிரி. யாருக்கும் தனியாகக் கேட்காது. அவள் கதவைச் சாத்தியதும் அது நின்றுவிடும். நின்ற பிறகுதான் இத்தனை நேரம் அது இருந்ததே தெரியும். படியிலும் தெருவிலும் அவள் செருப்புச் சத்தம் மட்டும். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு கிளாரினெட், வாய்க்குள் முணுமுணுக்கிற மாதிரி, எந்தப் பாட்டாகவும் முழுசாக ஆகாமல் வரும்.

வயலின்காரர்களில் மூத்தவர், "கடைசி ரீல்ல எங்களுக்கு வேலையே இல்லையா?" என்றார். "அவ வீட்டைவிட்டுப் போறப்ப நீங்க அங்கேயே இருக்கீங்க" என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

தயாரிப்பாளர்தான் எரிமலையாக இருக்கிறார். "எல்லாரும் அழுத மெட்டை எவனாவது எடுப்பானா?" என்கிறார். எடுப்பேன். எடுத்துவிட்டேன். போன கடிதத்தில் எழுதியதற்காக என்னைத் திட்டி ஒரு வரி எழுது, போதும்.

தம்பி

*

மே 27

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உங்கள் நலத்தையும் விரும்புகிறேன்.

உங்கள் அக்காள் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்தேன். இந்த வீட்டுக்கு வரும் தபாலை நான்தான் பிரிப்பது வழக்கம். தபால் பெட்டியில் தண்ணீர் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது.

உங்கள் அக்காள் மார்ச் மாதக் கடைசியில் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கடிதத்தைப் பார்த்தால் தெரியாது போலிருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்திருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் அவள்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. எனக்குச் சத்தம் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். என்ன குறை என்று நேரில் போய்க் கேட்டேன். "ஒரு குறையும் இல்லை" என்று அவளே சொன்னாள். குறையில்லாதவள் ஏன் போக வேண்டும்? உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. வீட்டை விட்டுப் போகிற பெண்ணைப் பற்றிய சினிமாக் கதையை ஒரு குடும்பப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நடந்தது நடந்துவிட்டது. அடுத்த மாதம் முடிவதற்குள் வந்துவிடச் சொல்லுங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கு மேல் அந்தப் பொய் தாங்காது. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

*

ஜூன் 3

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதை மனதார எழுதுகிறேன்.

அக்காவை என் சினிமா அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அந்தப் பெருமை எனக்கு இல்லை. அவள் போனதே எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

திரும்பி வரச் சொல்லி நான் அவளுக்கு எழுதப் போவதில்லை. நான் சொன்னால் கேட்பாள் என்கிறீர்கள். அதனால்தான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் அது சுலபம்.

பரணில் இருக்கும் ரேடியோ அவளுடையது. வேலைக்குப் போன புதிதில் ஆசையாக வாங்கியது. அதை அவள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவையுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் மைத்துனன்

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்திருக்கும், இது உன் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நலமா என்று எப்போதும் கேட்பேன்; இந்த முறை நிஜமாகக் கேட்கிறேன். நலமா?

மே மாதக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அத்தான் படித்துவிட்டார். என் புத்தியை என்ன சொல்ல. நீ படிப்பதற்காக அதன் நகலையும், அவர் எழுதியதையும், நான் அவருக்கு எழுதிய பதிலையும் இதோடு வைத்திருக்கிறேன்.

'அத்தான் நிழலில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு' என்று எழுதினேனே. அதை நீ அந்தக் கால் ஆடுகிற மேஜையில் உட்கார்ந்து படித்திருப்பாய். அதைப் பற்றி எழுத முயன்றேன். எழுத வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கேஸ், பசி, பஸ், முணுமுணுப்பு எல்லாம் நீதான் என்று தெரியாமல் அதை எடுத்து இசையாக்கிவிட்டேன். ஊரே பார்க்கப் போகிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், எடுத்துவிடுகிறேன். பழைய மெட்டையே தயாரிப்பாளரிடம் கொடுத்துவிடுகிறேன். அவரும் சந்தோஷப்படுவார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் வரட்டுமா?

தம்பி

*

ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

நலம். இந்த முறை நானும் நிஜமாகச் சொல்கிறேன். அறை சின்னது, காற்று நன்றாக வருகிறது. மேஜைக் காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒட்டி வைத்து இன்னொரு தடவை படித்தேன். திட்டு இவ்வளவுதான். முடிந்தது.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். சொன்னால் நீ அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றிருப்பாய். தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனான் என்று ஆகியிருக்கும். யாரும் கூட்டிக்கொண்டு போகாமல் நானாகப் போனேன் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. மகளுக்குக்கூட ஒரு மாதம் கழித்துத்தான் எழுதினேன். "அம்மா, இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தே?" என்று ஒரே வரியில் பதில் போட்டாள்.

அத்தான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அவர் அடித்ததில்லை, கத்தினதில்லை. ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் நான் தும்மும்போதுகூட வாயைப் பொத்திக்கொள்வேன். இதை எந்தக் குறையில் சேர்ப்பது என்று அவர் வந்து கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அதை ஃபிரிட்ஜ் சத்தம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரிந்தது?

நான் புறப்பட்ட அன்றைக்கு அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையோடு போய் நின்று, "நான் போறேன்" என்றேன்.

"எங்க?"

"போறேன்."

பேப்பரை இறக்கவில்லை. "வர்றப்ப கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிட்டு வா" என்றார்.

"சரி" என்றேன். பழக்கதோஷம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், இனி அந்த பேட்டரியை நான் வாங்க வேண்டாம் என்று உறைத்தது. அந்த முணுமுணுப்பு அப்போதுதான் வந்திருக்கும்.

ரேடியோ வந்து சேர்ந்தது. தூசி தட்டித் துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அதையும் சொல்ல வேண்டுமில்லையா.

இசையை எடுக்காதே. நீ திருடவில்லை, நான் கொடுத்தேன். தயாரிப்பாளரைச் சந்தோஷப்படுத்துவது என் வேலை இல்லை, உன் வேலையும் இல்லை. அவள் அழுதுகொண்டு போனாள் என்று ஊருக்குச் சொன்னால், அது அவள்மேல் சொல்கிற பழி. இதில் நீ வளைந்துகொடுத்தாயானால், இந்த அறைக்கு உன்னைச் சேர்க்கமாட்டேன்.

இப்போதைக்கு வராதே. நானே கூப்பிடுகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? உன் முழங்காலைப் படுத்த அந்த அறைக்குப் படி இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் எழுது.

நான் வளையவில்லை. ஆனால் ஜெயிக்கவும் இல்லை.

நேற்று கடைசி மிக்சிங். பேச்சையும் இசையையும் சத்தங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் படத்தோடு ஒட்டுகிற வேலை அது. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. உள்ளே போனால் தயாரிப்பாளர் பழைய மெட்டின் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வாசித்து, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டேப். அதை என்ன செய்யவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

இரண்டையும் போட்டுப் பார்த்தோம். என் புதிய இசைக்கு அறையில் யாரும் அழவில்லை. யாரும் அசையவும் இல்லை. தயாரிப்பாளர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, இதைக் கேட்டா அவ போனதுல தப்பே இல்லைங்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"தப்பு இல்லை சார்."

"வீட்டுக்காரனோட உக்காந்து படம் பார்க்கிற பொம்பளை என்ன நினைப்பா?"

"அவ என்ன நினைக்கிறாளோ அதை நினைக்கட்டும். நாம அழ வைச்சு அனுப்ப வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அந்த மெட்டைக் கேட்டு அழுதது நிஜம். நேற்றும் கண் கலங்கியது. ஆனால் டேப்பை ஒலிப்பதிவாளரிடம் நீட்டிவிட்டார். இயக்குநர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், அடுத்த படத்துல நீங்க நினைச்ச மாதிரி பண்ணலாம்" என்றார்.

"அடுத்த படத்துல இவ இருக்கமாட்டா" என்றேன்.

தயாரிப்பாளரிடம் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். முழுப் படத்திலிருந்தும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "உன் முதல் படம்யா. பேர் இல்லாமப் போனா யாருக்கு நஷ்டம்?"

"எனக்குத்தான். எடுத்துருங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சொன்ன இரண்டு படங்களும் போயின. திங்கட்கிழமையிலிருந்து ஒரு எண்ணெய் விளம்பரம். வருத்தம் இல்லை. இப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடியவன் என்று என்னை நான் நினைத்ததே இல்லை.

உன் பஸ்ஸை அழுகை இல்லாமல் ஊருக்குக் காட்ட முடியவில்லை. அது மட்டும்தான் உறுத்துகிறது.

தம்பி

*

அக்டோபர் 2

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? எண்ணெய் விளம்பரம் முடிந்ததா? இங்கே நான் சுகம். இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் படம்தான். பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். போன சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வந்தது. பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். சினிமாவுக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. டிக்கெட் கொடுத்தவர் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

பெயர்கள் வந்தன. இசை என்ற இடமே இல்லை. எடிட்டர் பெயருக்கு அடுத்து நேரே இயக்குநர் பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் என் வயதில் ஒரு அம்மாள், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். "மியூசிக்கு யாருன்னு போடலையே" என்றார்.

வீட்டுக் காட்சிகளில் நீ சொன்ன அந்த ஒற்றைச் சுரம் இருந்தது. அதை அவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் தோள் இரண்டும் தானாக ஏறிக்கொண்டன.

கடைசி ரீல் வந்தது. கதவைச் சாத்தினாள். வயலின் தொடங்கியது. அழகாகத்தான் இருந்தது, நீ எழுதியதில் பொய் இல்லை. நாலாபக்கமும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த அம்மாள் என் முழங்கையை இடித்தார். "காது வலியா?"

"இல்லைங்க. கேக்கப் பிடிக்கலை."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ அழலை பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி பொத்திக்கொண்டேன்.

சத்தமில்லாமல் பார்த்தேன், தம்பி, உன்னைப் போலவே. அவள் படியிறங்கினாள். தெருவில் வேகமாக நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உதடு லேசாக அசைந்தது. அது நடிப்பா, வண்டி குலுங்கியதா, எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாள் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு, தானும் காதைப் பொத்திக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் கண் கூசியது.

"ஏங்க, அந்தப் பொண்ணு திரும்பிப் போயிருவாளா?"

"போகமாட்டா."

"படத்துல சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த கடலையை என் கையில் கொட்டினார். இரண்டு பேரும் பஸ் வரும்வரை அங்கேயே நின்று தின்றோம்.

அடுத்த வாரம் வா. ஒரு நாற்காலிதான் இருக்கிறது, மாறி மாறி உட்காரலாம்.

அக்கா